அண்ணனுக்குச் சொன்ன கௌபாய் படம்

ஞாயிறு மூன்று மணிக்கு முதியவர்களுக்கு அளவாக பீர் ஊற்றிக் கொடுப்பதும் ஜெர்மனி முதியோர் இல்லத்தில் என் நர்ஸ் வேலையில் சேர்ந்ததுதான். ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ், அப்புறம் கூடத்தில் சினிமா. நான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரி. வந்த புதிதில் கிளாஸை நீட்டுவதற்கு முன் முகர்ந்து பார்த்தேன். “கெட்டெல்லாம் போயிருக்காது” என்று வெர்னர் தாத்தா சிரித்தார். நான் எதற்கு முகர்ந்தேன் என்று அவருக்கு எங்கிருந்து சொல்ல? தலையாட்டி வைத்தேன்.

போன ஞாயிறு போட்டது ஒரு சிரிப்புக் கௌபாய் படம். ஏழுமலை அண்ணனுக்கு அந்த மாதிரிப் படமென்றால் உயிர். கள்ளக்குறிச்சியில் மூட்டை தூக்கிய நாட்களில், தமிழ் பேசும் கௌபாய் படம் வந்தால் வேலைக்கு மட்டம்தான். கதாநாயகனுக்கு விழாத விசில் குதிரைக்கு விழும் என்பார். இரண்டாயிரத்து இருபத்துநான்கில் கள்ளச்சாராயம் எங்கள் தெருவில் வரிசையாகச் சாவுப் பந்தல் போட வைத்தது. அதைக் குடித்த அண்ணன் பிழைத்தார், பார்வை போய்விட்டது. இனி வராது என்பதை, நான் நர்ஸ் என்பதால், டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நானோ மெள்ள வந்துவிடும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் கட்டிக் காக்கிறேன்.

கூடத்தின் கடைசியில் நின்று, வீடியோ காலில் அவருக்குப் படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கண் திரையில், ஒரு கண் அவர் முகத்தில். ஒரு கோமாளி, வீட்டில் காய்ச்சிய சரக்கைக் குடிக்கிறான். கண் இருண்டு, தடவித் தடவிப் போய், காதலி என்று குதிரைக்கு முத்தம் கொடுக்கிறான். கூடமே குலுங்கியது. அதை மட்டும் அண்ணனுக்குச் சொல்லாமல் விட்டேன்.

“இன்னாத்துக்கு சிரிக்கிறாங்க?”

சட்டென்று பொய் வரவில்லை. “குடிச்சிட்டு கண்ணு தெரியாம குதிரைக்கு முத்தம் குடுக்கிறான்ணா.”

அண்ணன் சிரிக்கவில்லை. “கண்ணு திரும்ப வந்துதா அவனுக்கு?”

“வந்துட்டுது.”

“எத்தினி நாள்ல?”

அதற்குள் அந்தக் கோமாளி பறக்கிற தொப்பியைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிறேன் என்று நினைத்து வெர்னர் தாத்தா என் கையைத் தட்டினார். “நல்ல படம், இல்லையா?” என்றார். “ஆமாம்” என்றேன், அவர் மொழியில்.

பிறகு அண்ணனிடம், “அது சினிமாண்ணா. நெசத்துல வராது. டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு” என்றேன்.

போனில் அவர் முகம் அசையவே இல்லை. நெட் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஆனால் பின்னால் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“செரி, மேல சொல்லும்மா” என்றார் அண்ணன். “குதிரை இன்னா பண்ணுது?”