ஒரு சாண் சைக்கிள் டியூப்

போன கிழமை மகள் ஒரு போத்தல் வெள்ளை எண்ணெய் வாங்கி வந்தாள். காய் வெட்டும் பலகைக்குப் பூசினால் மரம் வெடிக்காதாம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பாரஃபின் எண்ணெய்க்கு மணமில்லை என்பார்கள். எனக்கு மணத்தது. மெழுகுதிரியை அணைத்ததும் எழும் மணத்தில் கால்வாசி.

தொண்ணூறுகளின் நடுவில், அந்த எண்ணெயில் பத்து லிட்டரை ஒரு சின்ன விமானத்துக்குள் ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

அப்போது ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஓர் அகதி விடுதியில் இருந்தேன். பக்கத்தில் புல் முளைத்த விமானத்திடல். சனிக்கிழமைகளில் அங்கே விமானம் கழுவப் போவேன். அப்படிப் பழக்கமானவர்தான் டீட்டர். தொழில் வீடுகளுக்குக் குழாய் பொருத்துவது; சொத்து, இரண்டு பேர் ஏறக்கூடிய ஒரு பழைய விமானம். கோடை விழாவில் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. புகைக் கருவியைக் கடையில் வாங்க மனமில்லை. தானே செய்வார்.

யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் தடையிருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெட்ரோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையைச் சொன்னேன். பின்னால் வருபவர் புகையில் மறைந்துபோவார். டீட்டர் சிரித்து, அப்படியானால் புகைக்கு நீதான் நிபுணன் என்றார். ஊரில் பௌதிகம் படிப்பித்த எனக்குப் பட்டம் கிடைத்த அன்றுகூட அவ்வளவு பெருமை வந்ததில்லை.

என் அறையில் இருந்த மன்னார்க்காரர் யேசுதாசன் அண்ணை கேலி செய்யாமல் விடவில்லை.

"குண்டு போட வந்த பொம்மரைக் கண்டு பங்கருக்குள்ள பாய்ஞ்ச மனுசன், இஞ்ச வந்து பிளேனுக்கு வால் கட்டுறார்."

மருந்து தெளிக்கும் தோட்டத் தாங்கி இருக்கைக்குப் பின்னால். உடைந்த காரிலிருந்து கண்ணாடி கழுவும் பம்பு. அங்கிருந்து புகைபோக்கிக்குள் ஒரு மெல்லிய எஃகுக் குழாய். சூட்டில் எண்ணெய் ஆவியாகி வெள்ளையாக வெளியே வரும். எட்டுச் சனிக்கிழமைகள் போயின. விழாவன்று காலை பார்த்தால், தாங்கியில் குழாயை இறுக்கும் வளையம் ஒன்று குறைந்தது. டீட்டர் கடைக்குப் போகப் புறப்பட்டார். நான் தடுத்தேன். ஒரு சாண் பழைய சைக்கிள் டியூப்பைக் கீறி, இழுத்துச் சுற்றிக் கட்டினேன். ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதானே வைத்தியம்.

பிடிக்குமா என்று கேட்டார்.

ஆறு மாதம் பிடிக்கும் என்றேன். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதித் தளரும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

முதல் சுற்றில் கோடு அழகாக விழுந்தது. சனம் கை தட்டியது. இரண்டாவது சுற்றில் புகை நின்றது. கட்டு கழன்று எண்ணெய் உள்ளே பீறி, முன் கண்ணாடி முழுவதும் படிந்துவிட்டது. வெளியே ஒன்றும் தெரியாமல் சோளத் தோட்டத்தில் இறக்கினார். வலது முழங்கால் நொறுங்கியது.

இரண்டு கிழமை கழித்து, விபத்தை விசாரிக்க ஓர் அதிகாரி திடலுக்கு வந்தார். ஊன்றுகோலோடு நின்ற டீட்டருக்கு அந்தக் கறுப்பு ரப்பரைத் தூக்கிக் காட்டி, யார் கட்டியது என்று கேட்டார். நான் நாலடி தள்ளி, கையில் வாளியோடு நின்றேன். டீட்டர் என்னைப் பார்த்தார்.

"நான்தான். என் சைக்கிள் டியூப்," என்றார்.

அதை மறுக்கப் போதுமான ஜெர்மன் எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என் அகதி விசாரணைக்குக் குறித்துத் தந்த நாள், டெர்மின், இன்னும் மூன்று கிழமையில் இருந்தது. விடுதிக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன்.

"டெர்மின் முடியுமட்டும் வாய் திறக்காதேங்கோ, மாஸ்டர். ஒரு பேப்பரிலயும் உங்கட பேர் வரக்கூடாது."

நல்ல காரணம். டீட்டரின் உரிமத்தைப் பறித்தார்கள். அவர் மறுபடி பறக்கவில்லை. என் டெர்மின் முடிந்தது, விசா கிடைத்தது, பிறகு ஜெர்மன் கடவுச்சீட்டும் கிடைத்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. திடலுக்கும் போகவில்லை.

எண்ணெயை மோந்ததற்கு மறுநாள் பஸ் ஏறிப் போனேன். திடல் இருந்த இடம் முழுவதும் சூரிய மின்தகடுகள். கொட்டகை இல்லை. டீட்டரின் வீட்டில் அவருடைய தங்கை இருந்தார். அண்ணன் செத்து ஆறு வருடமாகிறது என்றார். கடைசிவரை ஒரு காலை இழுத்துத்தான் நடந்தாராம். நீங்கள் அவருக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டார்.

"சனிக்கிழமைகளில் விமானம் கழுவ வருவேன்," என்றேன்.

இந்த முறை எனக்கு டெர்மின் எதுவும் இருக்கவில்லை.