சாமி ஸ்டார்ட்

1. பதினாலு செகண்ட்

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு செல்வினிடமிருந்து போன். வடக்கே ஓர் அணுமின் நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் நாங்கள் செய்து அனுப்பிய மெஷின்களில் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது.

"மேடம், ஒங்க மெஷின் என்னையக் கிறுக்கனாக்குது. மொத தடவ ஸ்டார்ட் குடுத்தா பதினாலு செகண்ட் எடுக்கு. நிப்பாட்டிட்டு மறுபடி குடுத்தா எட்டே செகண்ட்ல வந்து நிக்கி. எனக்கு ஒண்ணும் விளங்க மாட்டேங்கு."

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் என்றால் ஒன்றுமில்லைதான். அணு உலைக்கு நிற்கும் ஜெனரேட்டர் அப்படியில்லை. உலையை நிறுத்திய பிறகும் அதற்குள் சூடு இருந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் கரண்ட் போனால் அந்தத் தண்ணீரைத் தள்ளும் பம்புகளை ஓட்ட இந்த டீசல்தான் கதி. யாரும் தொடாமல் தானே ஸ்டார்ட் ஆகி, பத்து வினாடிக்குள் முழு வேகமும் முழு வோல்டேஜும் வந்துவிட வேண்டும். எங்கள் மெஷினுக்குக் கொடுத்திருந்த கெடு அது. பதினொன்று ஆனால் அந்த மெஷின் தேறவில்லை என்று அர்த்தம்.

அந்த மெஷின்கள் தேறின என்று சொன்னது நான். மெஷின்களை ஏற்றி ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டின் குவாலிட்டி பொறுப்பு என்னிடம் இருந்தது. என் நம்பர் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் சர்ட்டிபிகேட்டில் விழாமல் எந்த மெஷினும் கேட்டைத் தாண்டாது. அந்த ஸ்டாம்பைக் கைப்பையில்தான் வைத்திருப்பேன். வீட்டில்கூட யாரையும் தொட விடமாட்டேன். அவ்வளவு கெத்து எனக்கு.

2. கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றினோம்

முதலில் கவர்னர் மேல் சந்தேகப்பட்டேன். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் அது. செல்வின் புதியதை மாட்டினார். மறுநாள் காலை பதினாலு. அடுத்து ஸ்டார்ட்டிங் ஏர். பெரிய இன்ஜினை பேட்டரியால் சுற்ற முடியாது, அழுத்திய காற்றுதான் சுற்றும். காற்றில் ஈரம் இருக்கும், வால்வு பிடித்துக்கொண்டிருக்கும் என்று அதையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. வேகத்தை அளக்கும் சென்சாரே தப்பாகச் சொல்கிறதோ என்று அதையும் மாற்றினார். மறுபடி பதினாலு, அடுத்தது எட்டு.

"சென்சாருக்குக் காலையில ஒரு கணக்கு, பெறவு ஒரு கணக்கா மேடம்?" என்று கேட்டார் செல்வின். மரியாதையாகத்தான் கேட்டார், எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதே பேட்சில் செய்த இன்னொரு மெஷின் அப்போது எங்கள் டெஸ்ட் பெட்டில் இருந்தது. அதற்கு இருபத்தைந்து ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து வீதம் ஐந்து நாள். ரெஜிஸ்டரைப் புரட்டினேன். எட்டு, எட்டு, எட்டரை, எட்டு. ஒன்றுகூட ஒன்பதைத் தொடவில்லை. அதே டிராயிங், அதே பாகங்கள், அதே ஆட்கள். இங்கே சமர்த்தாக இருக்கும் மெஷின் அங்கே போனதும் ஏன் படுத்துகிறது? இன்ஜினுக்கு ஊர் மாறினால் ஒத்துக்கொள்ளாதா? சிரிக்காதீர்கள், அந்த வாரம் அந்த அளவுக்கு யோசித்தேன்.

3. ராத்திரியில் ஏறும் நம்பர்

இருபத்தைந்தும் முடிந்த அன்று சாயங்காலம் பேனலில் ஸ்டார்ட் கவுன்ட்டரைப் பார்த்தேன். இன்ஜின் எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது என்று எண்ணும் சின்ன மீட்டர். டெஸ்ட் தொடங்குவதற்கு முந்தின சாயங்காலம் அதை நானே பூஜ்யத்தில் வைத்தேன். அது முப்பது காட்டியது.

ரெஜிஸ்டரில் இருபத்தைந்து, கவுன்ட்டரில் முப்பது. எனக்குச் சந்தேகம் கவுன்ட்டர் மேல்தான். சத்தியமாக, ரெஜிஸ்டர் மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. அந்த ரெஜிஸ்டர் பாரம் நான் வடிவமைத்தது, அதுதான் காரணம். கவுன்ட்டரை மாற்றச் சொன்னேன். அடுத்த மெஷின் பெட்டில் ஏறியது. இந்த முறை நானும் விடவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது ஒரு தடவை, காலை ஒன்பது மணிக்கு ரெஜிஸ்டர் திறக்கும்போது ஒரு தடவை நம்பரைக் குறித்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு என்றால் காலையில் ஏழு. அடுத்த சாயங்காலம் பன்னிரண்டு, காலையில் பதிமூன்று.

பகலில் ஒழுங்காக எண்ணும் மீட்டர் ராத்திரியில் மட்டும் தானாக ஒன்று கூட்டிக்கொள்கிறது! எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ராத்திரியில் கரண்ட் விட்டு விட்டு வருகிறதா, எர்த்திங் சரியா, எலி கடித்திருக்கிறதா என்று குடைந்தேன். அவர் பேனலுக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"மேடம், எலி எண்ணுதுன்னு எழுதிக்கலாமா?"

திட்டியனுப்பினேன். எனக்கு மண்டை காய்ந்து போயிருந்தது. ஐம்பத்தாறு வயதில் கூட்டல் தெரியாமல் போய்விட்டதா என்றுகூடப் பயம் வந்தது.

4. கேட்டால் சொல்லியிருப்பார்

டெஸ்ட் பெட் ஆபரேட்டர் ஏழுமலை சேரப்பணஞ்சேரிக்காரர். பதினைந்து வருடம் கான்ட்ராக்ட்டில் இருந்து, போன வருடம்தான் பர்மனென்ட் ஆனவர். அவரைப் போல இன்ஜினைத் தெரிந்தவர் எங்கள் பிளான்ட்டில் கிடையாது. வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில் நான் கவுன்ட்டர் முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

"இன்னா மேடம், இதுக்குப் போயி இம்மாம் டென்ஷன் ஆவுறீங்க? அது சாமி ஸ்டார்ட்டு."

"என்ன ஸ்டார்ட்?"

"சாமி ஸ்டார்ட்டு மேடம். காலைல வந்தவொடனே வல்லக்கோட்டை முருகன் துன்னூறு பேனல்ல பூசி, கற்பூரம் காட்டிட்டு, ஒண்ணு வுடுவேன். அது சாமிக்கு. அப்பால நாள் பூரா ஒரு தகராறும் பண்ணாது. இன்ஸ்பெக்டர் முன்னாடி மானம் போவாது."

"அதை ஏன்யா ரெஜிஸ்டர்ல எழுதல?"

"எங்க மேடம் எழுதறது? ஒன்னாம் நம்பர்லேர்ந்துதான கட்டம் போட்டுக் குடுத்துக்கீறீங்க?"

அவர் மறைக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. ஏழுமலைக்கு முன்னால் இந்த பெட்டில் இருந்த ஆபரேட்டருக்கு, வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாளின் முதல் ஸ்டார்ட் சொதப்பியிருக்கிறது. அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு ஸ்டார்ட் விட்டுவிட்டுத்தான் நாளைத் தொடங்குவது என்று இந்த பெட்டில் வழக்கமாகிவிட்டது. ஏழுமலைக்கு அது பக்தி, வேலை நறுவிசு எல்லாம். ஹெல்ப்பர், கிளீனர், கேன்டீன் பையன் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சர்ட்டிபிகேட்டில் ஸ்டாம்ப் வைக்கிறவளுக்கு மட்டும் தெரியவில்லை.

5. சாமி இல்லாத திங்கள்

ஏழுமலையிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். ஞாயிறு லீவு. திங்கள் காலை திருநீறு பூசட்டும், கற்பூரம் காட்டட்டும், ஸ்டார்ட் மட்டும் விடக் கூடாது. அவருக்கு முகமே விழுந்துவிட்டது. "மேடம், வேணாம் மேடம்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

திங்கள் காலை நானே ஸ்டாப் வாட்சைப் பிடித்தேன். காற்று சீறியது, இன்ஜின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எட்டு தாண்டியது, பத்து தாண்டியது. பதிமூன்றில்தான் வேகம் பிடித்தது. நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தோம். எட்டு.

அதற்கப்புறம் காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் போதுமானதாக இருந்தது. டீசல் போகும் குழாயில் ஒரு வழி வால்வு ஒன்று உண்டு. போன எண்ணெய் டாங்குக்குத் திரும்பாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதன் உள்விளிம்பில் மயிரிழை அளவு வடு. இன்ஜின் சும்மா நிற்கும்போது எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் திரும்பிப் போய், குழாயில் காற்று ஏறிவிடுகிறது. முதல் ஸ்டார்ட்டில் அந்தக் காற்றைத் தள்ளிவிட்டு எண்ணெய் வந்து சேர நேரமாகிறது. அடுத்த ஸ்டார்ட்டுக்குள் குழாய் நிரம்பிவிடுவதால் எட்டு வினாடி. எங்கள் சாமி ஸ்டார்ட் தினமும் காலையில் அந்தக் குறையை நிரப்பி மூடிக்கொண்டிருந்தது. அணுமின் நிலையத்தில் மெஷின் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். ஆபத்து வரும் அன்று அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு ஸ்டார்ட், அதுவும் முதல் ஸ்டார்ட்.

ஏழுமலை அந்த வால்வைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் சாமி கும்பிட்டது தப்பா மேடம்?" என்று கேட்டார். வால்வை அவரிடமிருந்து வாங்கி, மெஷின் நம்பர் எழுதிய கவரில் போட்டேன்.

6. கேபினில்

அதற்குள் ஒன்பது மெஷின்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்பதிலும் என் ஸ்டாம்ப். பிளான்ட் ஹெட் கோபிநாத் சாரிடம் போய் நின்றேன். கெட்ட மனிதர் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சிம்பிள்மா. ஒன்பது மெஷினுக்கும் புது வால்வு அனுப்பிடலாம். டிசைன் இம்ப்ரூவ்மென்ட்னு ஒரு லெட்டர் வெச்சா கஸ்டமர் சந்தோஷமா வாங்கிப்பான். இந்த சாமி ஸ்டார்ட் கதையெல்லாம் எதுக்கு எழுதணும்?"

"சார், வால்வு ஒண்ணு நமக்குத் தெரிஞ்சுது. அந்த ஒன்பதுல ஒண்ணுக்குக்கூட நிஜமான முதல் ஸ்டார்ட் நாம பாத்ததே இல்ல. தெரியாதது இன்னும் என்னென்ன இருக்கோ? அவங்க எல்லாத்தையும் மறுபடி டெஸ்ட் பண்ணணும் சார். ஏன்னு சொன்னாத்தான பண்ணுவாங்க?"

"எழுதினா உங்க ஸ்டாம்ப் போயிடும். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு உங்களுக்கு. யோசிங்க."

யோசித்தேன். பயமாக இருந்தது, அதை ஒளிக்க ஒன்றுமில்லை. வெளியே ஏழுமலை நின்றுகொண்டிருந்தார்.

"என் பேரு வருமா மேடம்? பொண்ணு காலேஜ் சேந்துக்கீது."

"உன் பேர் வராது. கட்டம் போட்டது நான்."

கடிதத்தை நானே டைப் செய்தேன். டெஸ்ட் பெட்டில் தினமும் பதிவில்லாத ஒரு ஸ்டார்ட் கொடுக்கப்பட்டது, ஒன்பது சர்ட்டிபிகேட்டிலும் முதல் ஸ்டார்ட் என்று இருப்பது முதல் ஸ்டார்ட் அல்ல, பொறுப்பு என்னுடையது என்று எழுதினேன். கோபிநாத் சார் இரண்டு தடவை படித்துவிட்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

7. கடைசிக் கேள்வி

அணுமின் நிலையத்தில் ஒன்பதையும் சில நாள் அப்படியே நிற்க வைத்து, பிறகு ஒரே ஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தார்கள். செல்வினுடையதைத் தவிர இன்னும் இரண்டு பத்து வினாடியைத் தாண்டின. ஒன்று அதே வால்வு. இன்னொன்றில் வால்வு சுத்தமாக இருந்தது, ஸ்டார்ட்டிங் ஏர் பக்கம் ஒரு பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. வால்வை மட்டும் அனுப்பியிருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். செல்வின் போனில், "நல்ல வேள மேடம், சொன்னிய" என்றார். அந்த ஒரு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் வாடிக்கையாளரிடமிருந்து கேள்விப் பட்டியல் வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்வி இதுதான்: இந்தப் பதிவில்லாத ஸ்டார்ட் பற்றிப் பொறுப்பாளருக்கு எதுவுமே தெரியாதா?

தெரியாது என்று டைப் அடித்தேன். அடித்ததும் என் தினசரிக் காலை நடை நினைவுக்கு வந்தது.

கம்பெனி பஸ் எங்களை எட்டு இருபதுக்கு கேட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ஆபீசுக்கு ஐந்து நிமிட நடை. அந்த நடையில் தினமும் டெஸ்ட் பெட் பக்கமிருந்து இன்ஜின் உறுமும், ஒரு நிமிடம் ஓடி அடங்கும். ஏழுமலை வந்துவிட்டார், வேலை தொடங்கிவிட்டது என்று மனசுக்குள் ஒரு திருப்தியோடு நடப்பேன். ஒன்பது மணிக்கு ரெஜிஸ்டர் திறப்பேன். முதல் ஸ்டார்ட் ஒன்பதரை என்று எழுதுவதைப் பார்த்துக் கீழே ஸ்டாம்ப் வைப்பேன். அந்தச் சத்தத்தையும் இந்தக் கட்டத்தையும் ஒரு நாள்கூட நான் சேர்த்துப் பார்த்ததில்லை. அப்படியென்றால் எனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் இருக்க ஆசைப்பட்டேனா? அதுவும் புரியவில்லை.

அடித்ததை அழித்தேன். "தினமும் காதால் கேட்டேன். என்னவென்று போய்ப் பார்க்கவில்லை" என்று எழுதினேன்.

ஸ்டாம்பை வாங்கிக்கொண்டார்கள். மிச்ச இரண்டு வருடத்தை, அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷன் ரூமில் கேஜ்களைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். ஏழுமலைக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். பாரத்தில் ஒரு கட்டம் கூட்டினார்கள், அன்றைய முதல் ஓட்டம், நேரம், யார் கொடுத்தது என்று. அதில் அவர்தான் கையெழுத்துப் போடுகிறார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பதிவேட்டில் இல்லாத ஒரு சத்தம் காதில் விழுந்தால், வேலை நடக்கிறது என்று சந்தோஷப்படாமல், திரும்பிப் போய் என்னவென்று பாருங்கள். நான் பதினோரு வருடம் அதைக் கேட்டுக்கொண்டே நடந்து போனேன்.