என் வாயாலேயே கேட்டேன்

2003-ஆம் வருடக் கோடை. மழை பொய்த்து, எங்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் வற்றிக் கிடந்தன. சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றை ஆழப்படுத்தும் வேலைக்கு நானும் என் கணவர் சேகரும் போயிருந்தோம். அவர் உள்ளே இறங்கி மண் வெட்டுவார். நான் மேலே நின்று, ஏறி வரும் மண்ணை வாங்கிக் கொட்டுவேன்.

ஒருநாள் முற்பகலில், கிணற்றின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. உள்ளே இருந்த மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள். என் கணவர் நெஞ்சுவரைக்கும் மண்ணுக்குள். எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். கூப்பிட்டேன். பதில் இல்லை.

மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. யாரும் இறங்கத் துணியவில்லை. தப்பு சொல்ல முடியாது, அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. கிணற்றுக்காரர், தீயணைப்பு வண்டியை அழைத்துவர பெரம்பலூருக்கு ஆள் அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

“நீ இதயெல்லாம் பாக்காத தாயி. வூட்டுக்குப் போ” என்றார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் நினைப்பது புரிந்தது. என்னோடு வேலை செய்த நாத்தனார் செல்வியைப் பிடித்துக்கொண்டு, “பாஸ்டரக் கூட்டியாரச் சொல்லு. அவரு ஜெபிச்சாதான் ஆண்டவரு கேப்பாரு” என்று அழுதேன்.

“அவரு அரியலூருக்குப் போயிருக்காரு அண்ணி, பொழுது சாஞ்சுதான் வருவாரு. ஏன், உங்களுக்கு வாய் இல்லியா? நீங்க கேளுங்க” என்றாள்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பம். என் அம்மா, பண்ணை வீட்டு வாசலில் தள்ளி நின்று, தலையைக் குனிந்துதான் எதையும் கேட்பாள். ஞானஸ்நானம் எடுத்துப் பல வருடம் ஆகியும் நான் ஆண்டவரிடம் அப்படித்தான் நின்றேன். ‘நான் தகுதியில்லாதவள்’ என்று முனகிவிட்டு எழுந்துவிடுவேன். பெரிய காரியம் என்றால் பாஸ்டரிடம் சொல்வேன். இயேசு தம் இரத்தத்தால் எனக்கு வழி திறந்திருக்கிறார் என்று ஞாயிறுதோறும் கேட்டேன். அந்த வழியில் ஓர் அடி வைத்ததில்லை.

அன்றைக்கு வைத்தேன்.

கிணற்று மேட்டில் நின்று, தலையை நிமிர்த்தி, அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகக் கேட்டேன். “அப்பா! உங்க மவ கேக்குறேன். எங்க வூட்டுக்காரர எனக்கு உசுரோட குடுங்க. ஏசுவோட பேர்ல கேக்குறேன். நீங்க குடுக்குற வரைக்கும் இந்த எடத்த விட்டு நவுரமாட்டேன்!”

என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. பயம் இருந்தது. ஆனாலும் நான் சொல்வதை அவர் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளே என் கணவர் கண்ணைத் திறந்தார். கூட வேலை செய்த முருகேசண்ணன் அதைப் பார்த்துவிட்டார். அவர் எங்கள் சபைக்காரர் இல்லை. காளி கோயிலுக்குப் போகிறவர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

“கயித்த இறுக்கிப் புடிங்கடா. நான் எறங்குறேன். தங்கச்சி, நீ ஜெபத்த நிறுத்தாத!”

நான் நிறுத்தவில்லை. முருகேசண்ணன் பனஞ்சட்டங்களை உள்ளே இறக்கச் சொல்லி, சரிவுக்கு முட்டுக் கொடுத்து, கையாலேயே மண்ணை அள்ளினார். தீயணைப்பு வீரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். உச்சி வெயிலில் என் கணவர் மேலே வந்தார். உயிரோடு வந்தார். “தண்ணி” என்றார். எல்லோரும் ஏறி வந்த சற்று நேரத்தில் அந்தப் பக்கம் முழுவதும் முட்டோடு சேர்ந்து இடிந்து விழுந்தது.

திருச்சி ஆஸ்பத்திரியில், நசுங்கிய காலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அந்தக் காலையும் ஆண்டவரிடம் கேட்டேன். அதே தைரியத்தோடுதான் கேட்டேன். கால் கிடைக்கவில்லை. அன்றைக்கு ஆண்டவரிடமே போய், ஏன் என்று கேட்டு அழுதேன். அவர் என்னை விலக்கவில்லை. கேட்டது கிடைத்தபோது எவ்வளவு பக்கத்தில் இருந்தாரோ, கிடைக்காதபோதும் அவ்வளவு பக்கத்திலேயே இருந்தார்.

இப்போது என் கணவர் பெரம்பலூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். செயற்கைக் காலோடு பஸ் ஏறிப் போய் வருகிறார். முருகேசண்ணன் எங்களுக்கு உடன்பிறப்பு மாதிரி. அவருக்காகவும் தினமும் கேட்கிறேன்.

இதைப் படிக்கிற அக்கா, அண்ணா, உங்களுக்காக ஜெபிக்க யாராவது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நல்ல வார்த்தை தெரியவில்லையே என்றும் தயங்காதீர்கள். பிதாவிடம் போக இயேசு ஒருவரே உங்களுக்குப் போதும். வூட்டுப் பேச்சிலேயே கேளுங்கள். இப்போதே கேளுங்கள்.