வயிற்றுவலி என்று சொன்னோம்

பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். தஞ்சோங் டாவாயில் மீன் பெட்டிகளில் ஐஸ் கொட்டினேன். பெண்டாங்கில் நெல் மூட்டை தூக்கினேன். பிறகு பீடோங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலை. அங்கே பலகை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய அண்ணன் தன் வீட்டிலேயே எனக்கு ஓர் அறை கொடுத்தார். சாப்பாடு அவர் மனைவி கையால். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

லீவு வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் கிளினிக்கில் வயிற்றுவலி என்பார்கள். வயிற்றுக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு நாள் எம்சி, அதாவது விடுப்புச் சீட்டு, நிச்சயம்.

அன்று காலை அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

வாசலில் இறங்கியதும், "தம்பி, உள்ள வந்து வாயத் தொறக்காத. நெஞ்சுன்னா பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதிடுவாங்க. அப்புறம் எனக்கு வண்டி குடுக்க மாட்டானுங்க, தரையக் கூட்டத்தான் சொல்வானுங்க" என்றார்.

"வெளையாடாதீங்கலா அண்ணே."

"வயிறுலா. ஒரு நாள் படுத்தா சரியாயிடும்."

டாக்டர் சின்ன வயதுத் தமிழ்ப் பெண். "என்ன அங்கிள், மறுபடியும் வயிறா? ஆன்ட்டி சமையல் ஒத்துக்கலையா?" என்று சிரித்தவர், அண்ணனின் கையைத் தொட்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"நெஞ்சு அடைக்குதா அங்கிள்?"

"இல்லம்மா."

"ஏன் இப்படி வேர்க்குது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வெயில்ல மோட்டார்ல வந்தோம் டாக்டர்" என்றேன்.

எம்சியும் வயிற்று மாத்திரையும் கிடைத்தன. வலி கூடினால் உடனே வாங்க என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை அண்ணன் குளியலறையில் விழுந்தார். நாங்கள் கதவை உடைத்தபோது குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் சோறு போட்டபடியே அக்கா கேட்டாள்:

"தம்பி, நெஞ்சு வலின்னு அந்த டாக்டர்கிட்ட சொன்னாரா?"

"சொன்னாருக்கா."

"பாவி. படிச்சு என்னத்தக் கிழிச்சா? கொன்னுட்டாளே" என்று அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். நான் சாப்பிட்டு முடித்தேன்.

அக்காவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரை தீர்ந்து பல நாளாகியும் அவள் போகவில்லை. வேறு கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான்லா. நெஞ்சுன்னு சொன்னவருக்கே வயித்து மாத்திர குடுத்தாளுங்க. நான் போய் என்னத்தச் சொல்ல?"

உண்மையைச் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். அந்த வாரமே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அக்கா மாத்திரை சாப்பிடுகிறாளா என்று எனக்குத் தெரியாது.