வீரம்மாள் வீட்டு உறை

உறையூரில் எங்கள் தெருவில் தயிர் விற்கும் வீரம்மாளுக்குச் சுத்தம்தான் உயிர். பானைகளை வெந்நீரில் கழுவுவாள். தன்னையும் உள்ளே வரைக்கும் கிருமிநாசினி விட்டுக் கழுவுவாள்.

போன ஆடியில் நடந்த மருத்துவ முகாமில், அவள் கருப்பை வாயில் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய ஒரு திட்டு இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அதைச் சூடு வைத்து அழித்தார்கள். துணைக்கு நான் போயிருந்தேன்.

அவள் தொழிலைக் கேட்ட டாக்டரம்மா தயிரை வைத்தே விளக்கினார். பாலைப் புளிக்க வைக்கும் கிருமிகளின் சொந்தங்கள் பெண்ணுறுப்பிலும் குடியிருக்கின்றன. அந்தப் புளிப்பில் கெட்டது லேசில் தங்காது. அவை குறைந்தால் இந்தத் திட்டை உண்டாக்கும் வைரஸ் ஒட்டிக்கொள்ளும். அதை விரட்ட வேண்டிய வெள்ளணுக்களும் தடுமாறிப்போகும். ஆகவே உள்ளே கழுவக் கூடாது. இருபது வருஷமாக நல்லதுகளைத்தானே விரட்டியிருக்கிறேன் என்று வீரம்மாள் வருந்தினாள்.

கிளம்பும்போது நர்ஸ் லூர்துராணி குரலைத் தாழ்த்தினார். "புண் ஆற ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஒதுங்கி இருங்க. முடியலைன்னா வீட்டுக்காரர் கண்டிப்பா உறை போடணும்."

எங்கள் தெருவில் உறை போடுவது என்றால் பாலுக்கு மோர் விடுவதுதான். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அவள் வீட்டுக்காரர் ராசப்பன் கையில் அன்றே கரண்டி ஏறியது. கொதிக்கிற பாலில் உறை விட்டார். தயிர் நூல் நூலாக வந்தது. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்த ஆணுறைப் படம் இரண்டு நாள் கழித்து நினைவுக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சொல்வதற்காக மூன்று முறை அவள் வாசல் வரை போனேன். மூன்று முறையும் தயிர் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஆறு வாரம் கழித்துப் போனோம். வீட்டுக்காரர் உறை போட்டாரா என்று நர்ஸ் கேட்டார்.

"தினம் போட்டாருங்க. காலையில ரெண்டு, சாயங்காலம் மூணு."

நர்ஸின் பேனா நின்றது.

"மொதல்ல சூட்டுல போட்டுக் கெடுத்தாரு. இப்பக் கை பழகிடுச்சு."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தபடி, "தயிருக்குங்க" என்றேன்.

அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்து விளக்கியதும் வீரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இந்த ஆறு வாரமும் எப்படி என்று கவலையோடு கேட்டார்.

"பானையைக் கழுவிக் கவுக்குறதுக்குள்ள மனுஷன் தூங்கிடுவாருங்க" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

டாக்டரம்மா பார்த்தார். புண் நன்றாக ஆறியிருந்தது. அடுத்த வருஷம் மறுபடி சோதனைக்கு வரச் சொன்னார்.

பஸ்ஸில் வீரம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லிடாத, புள்ள. அடுத்த சோதனை வரைக்கும் அவரே போடட்டும்."