கிணற்றில் கட்டிய ஓலை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. வைத்திலிங்கம் அண்ணையின் மனைவி புஷ்பம் அக்கா பேசினார். "தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார். வார்டன் ஸ்டேஷனிலை பஸ்சுக்கு நிண்டவராம், அப்படியே விழுந்திட்டாராம்." ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னல் வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வைத்திலிங்கம் அண்ணையை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அன்று துக்கம்தான். நான் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தது துக்கத்தால் மட்டும் அல்ல. அதைச் சொல்லாமல் இந்த நினைவு மலரில் அஞ்சலி என்று எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

வெளிநாடுகளில் குடிநீர்த் திட்டங்கள் போட்டுத்தரும் ஒரு டொரண்டோ அலுவலகத்தில் அவர் நீர்ப் பொறியாளர். நான் அதே அலுவலகத்தில் அறிக்கைகளைத் தொகுத்து அனுப்புகிறவன். அவர் யாழ்ப்பாணம், நான் திருநெல்வேலிப் பக்கம். முதல் நாள் அவரை "சார்" என்று கூப்பிட்டேன். "சார் எண்டால் இங்கை வெள்ளைக்காரன்தான் திரும்பிப் பார்ப்பான், ஐசே. அண்ணை எண்டு கூப்பிடும்," என்றார். மத்தியானம் என் டப்பாவை எட்டிப் பார்த்து, "சாம்பாருக்கை இட்டலியைக் குளிப்பாட்டுற ஆக்கள் நீங்கள்," என்று சொல்லிவிட்டு அதில் பாதியைத் தின்று தீர்த்தார். அந்த வருடத்திலேயே அவரை இந்தோனேசியாவுக்கு அனுப்பினார்கள்.

அவர் போனது கிழக்குக் கோடியில் ஒரு சின்னப் பவளத் தீவு. நூறு வீடு தேறாத ஒரே கிராமம். மூன்று வாரத்துக்கு ஒரு மோட்டார் படகு வரும், கடல் கொந்தளித்தால் அதுவும் வராது. டாக்டர் கிடையாது. இருக்கும் ஒரே கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்தால் ஊரே இருட்டு. மரவள்ளியும், ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவும், மீனும்தான் சாப்பாடு. ஊர்த் தலைவரை ராஜா என்பார்கள். "ராஜாவைப் பாக்கப் போறன் எண்டு கோட்டும் டையும் கட்டிக்கொண்டு போனன். அந்தாள் சாரத்தோடை குந்தியிருந்து மரவள்ளிக்கிழங்கு உரிக்குது. என்ரை கையிலையும் ஒரு கத்தியைத் தந்திட்டுது," என்று அண்ணை சொல்லும்போது நாம் எத்தனை முறை சிரித்திருக்கிறோம்!

அந்த ஊரில் கோடையில் நல்ல தண்ணீர் கடலோரப் பாறை இடுக்கில் ஓர் ஊற்றில் மட்டும் கிடைக்கும். கடல் வற்றும் நேரத்தில்தான் அது வெளியே தெரியும். அது எந்த நேரமானாலும் பெண்கள் பாத்திரங்களோடு ஓடவேண்டும். ஊர் நடுவே கிணறு ஒன்று இருந்தும் கோடையில் யாரும் அதைத் தொடவில்லை. நீர் வாளிக்கு எட்டாமல் கீழே போய்விடுகிறது போலும் என்று அண்ணை தானாகவே முடிவு செய்துகொண்டார். பம்ப் வைத்தால் தீர்ந்தது கவலை.

பம்ப் ஓட்டும் நாள் வந்தது. கிணற்றைச் சுற்றிக் கழிகள் நட்டு, குருத்தோலை பின்னிக் கட்டியிருந்தார்கள். நம் ஆளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தோரணம்! திறப்பு விழாவுக்கு ஊரே சோடித்திருக்கிறது! ஓலையை அவிழ்த்து ஒதுக்கிவிட்டு உள்ளே போய் இயந்திரத்தைக் கிளப்பினார். தண்ணீர் பீறிட்டு வந்தது. யாரும் கைதட்டவில்லை. "வெக்கப்படுகினம் எண்டு நினைச்சன்," என்பார்.

அந்த ஊரில் அப்படி ஓலை கட்டினால் 'தொடாதே' என்று பொருள். கோடையில் இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே மழை திரும்பும்வரை ஊர் கூடிக் கிணற்றை மூடிவைக்கும். அவிழ்ப்பதும் ஊர் கூடித்தான். இரண்டே மாதத்தில் தண்ணீர் கரித்தது. ஏன் கரிக்கிறது என்று அண்ணை துருவித் துருவிக் கேட்டபிறகுதான் பள்ளிக்கூட ஆசிரியர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அப்போது அவரை ஏற்றிப்போகும் படகு கரைக்கு வந்துவிட்டது. ராஜாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லாமல் ஏறினார். "யாழ்ப்பாணத்திலை பிறந்தவன் ஐசே நான். கிணறு உப்பாகிறது எனக்குத் தெரியாதோ? தோரணத்தைக் கண்டோடனை புத்தி கெட்டுப்போச்சு."

திரும்பி வந்தவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டொரண்டோக் குழாய்த் தண்ணீரைக்கூட நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத்தான் விழுங்குவார். மல்வேர்னில் புது டவுன்ஹவுஸுக்கு அவர்கள் குடிபோன அன்று நாமெல்லாம் பாயசம் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தார். "அந்தச் சனம் இப்ப எதைக் குடிக்குது?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அலுவலக அறிக்கையில் 'கிராமத்துக்கு ஆண்டு முழுவதும் குடிநீர்' என்று ஒரு வரி உண்டு. அதை எழுதியவன் நான். திருத்தச் சொன்னார். கோப்பு மூடியாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

போன ஜூன் மாதம் ராஜாவுக்குக் கடிதம் எழுதினார். இயந்திரத்தை நிறுத்துங்கள், ஓலையைக் கட்டுங்கள், அவிழ்த்தது என் பிழை, அவ்வளவுதான். சாதாரணத் தபாலில் அது போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. வெள்ளிதோறும் ஜகார்த்தாவுக்குப் போகும் அலுவலகப் பையில் போடச் சொல்லி என்னிடம் தந்தார். பையைக் கட்டுவது என் வேலை. நான் பிரித்துப் படித்தேன். அலுவலகம் அங்கே அடுத்த வேலையை எதிர்பார்த்திருந்த நேரம். இது மேலே யார் கண்ணிலாவது பட்டால் மனிதர் வேலை போய்விடும், என் வரியும் சந்திக்கு வந்துவிடும். டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவர் நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நல்லவன் பாருங்கள்!

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மேசைக்கு வந்து நிற்பார்.

"மறுமொழி ஏதும் வந்ததோ, ஐசே?"

"அனுப்பியாச்சுண்ணே. அவ்வளவு தூரம்லா, மெதுவாத்தான் வரும்."

நாக்குக் கூசாமல் நான்கு மாதம் இதைச் சொன்னேன். அக்டோபரில் ஒரு நாள், கன்னம் ஒட்டிப்போன முகத்தோடு வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "அவை என்னை மன்னிக்க மாட்டினம் போலை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வெள்ளிக்கிழமைதான் கடிதத்தைப் பையில் போட்டேன்.

கடிதம் போய் நான்கு மாதமாகி, இறுதிச் சடங்கு முடிந்து பதினோராம் நாள் பதில் வந்தது. ராஜா சொல்லச் சொல்ல, ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நீங்கள் படகேறிய அடுத்த ஞாயிறே நாங்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓலையைக் கட்டிவிட்டோம். அடுத்த வருட மழையோடு தண்ணீர் பழையபடி நன்றாகிவிட்டது. அன்றைக்கு நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள், விருந்தாளியை எப்படி வெட்கப்படுத்துவது? இதற்காகவா இத்தனை நாள் வருத்தப்பட்டீர்கள்? மறுபடி வாருங்கள், கிழங்கு உரிக்க ஆள் வேண்டும்.

என்னால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அன்று மாலையே பஸ் பிடித்து மல்வேர்னுக்குப் போனேன். புஷ்பம் அக்காவுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். டிராயரில் பூட்டி வைத்த கதையையும் மறைக்காமல் சொன்னேன். வாயில் வந்தபடி திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கடிதத்தை வாங்கி மடித்தார்.

"நீர் அண்டைக்கே போட்டிருந்தால், ஒக்டோபரிலை வந்திருக்குமோ, தம்பி?"

"வந்திருக்கும்க்கா."

"அப்ப கடைசி நாலு மாசமும் மனுசன் நித்திரை கொண்டிருப்பார்."

அண்ணையின் சிரிப்பும் கேலியும் உங்களிடம் இருக்கட்டும். அவர் தூங்காத அந்த நான்கு மாதம் என்னிடம் இருக்கிறது.