அவசரக்குடுக்கையும் முன்னறை ஸ்பீக்கரும்

எது பழுதானாலும் முதலில் கழற்றிவிட்டு, பிறகு யோசிப்பவர் அந்தப் பூட்டுக் கடைக்காரர். மனைவி அவருக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை.

அன்று வீட்டுக் கணினியில் சத்தம் வரவில்லை. ஒலியளவைக் கடைசிவரை ஏற்றினார். ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க, போன வாரம் தம்பிக்கு அனுப்பிய குரல் பதிவையே ஓடவிட்டார். "மச்சான் வரப்போறான்டா. கைய வீசிட்டு வந்து இங்கயே டேரா போடுவான் பாரு, ஓசிச் சோத்துக்கு!"

பெட்டி வாயைத் திறக்கவில்லை.

கடைசியாகத்தான், சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று திரையில் பார்த்தார். முன்னறை ஸ்பீக்கர்! நேற்று மச்சான் வந்து இறங்கியதும் பாட்டுக் கேட்க அவரே இணைத்துவிட்டு மறந்திருக்கிறார். காலையிலிருந்து மச்சான் உட்கார்ந்திருப்பது அந்த முன்னறையில்தானே! எழுந்து ஓடி, கதவைப் பிடித்துக்கொண்டு, பேயறைந்த முகத்தோடு எட்டிப் பார்த்தார்.

மனைவி சுவரையே வெறித்துக்கொண்டிருந்தாள். மச்சான் மட்டும் நிமிர்ந்து, சிரிக்காமல் சொன்னார்:

"நான் வாங்கிட்டு வந்த ஸ்பீக்கர் பரவாயில்ல மாமா. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேக்குது."